ஆண்டு சொல்லாத இசைத்தட்டு

நாணயத்தைப் புரட்டினால் ஆண்டு தெரியும். நூலின் தலைப்பேட்டைத் திருப்பினால் பதிப்பாண்டு தெரியும். கல்யாணக் கடிதமும் மீசான் கல்லும்கூடத் தம் காலத்தை ஒளிப்பதில்லை. ஆயின் சென்ற நூற்றாண்டில் நம்மவர் வீடுகளுக்குட் புகுந்து, கூடத்தில் உயர்ந்த ஆசனம் பெற்று, பின் ஒருநாள் கட்டிலுக்கு அடியிலே தள்ளப்பட்ட இசைத்தட்டோ பெரும்பாலும் தன் வயதைச் சொல்வதில்லை. பாடியவர் பெயர் உண்டு, இராகம் உண்டு, கம்பனியின் பெயர் உண்டு, எண்கள் நிறையவே உண்டு. ஆண்டு மாத்திரம் இல்லை.

இது தொடக்கத்திலிருந்தே வந்த பழக்கமாகும். 1902 நவம்பரில் பிரெட் கைஸ்பேர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் இறங்கி, கௌஹர் ஜான் முதலியோரின் குரல்களைப் பதிவு செய்தார். அன்று இந்தியாவில் தட்டு அச்சிடும் ஆலை இல்லை. பதிவுகள் ஜேர்மனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலேறின. அங்குள்ள தொழிலாளருக்கு இந்துஸ்தானிப் பாட்டு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு விளங்காதாகையால், கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி வைத்தார் என்பர். இன்றும் அத்தட்டுக்களில் அக்குரல் பெயரைச் சொல்கிறது. பெயரைச் சொல்லும் வழக்கம் இருந்ததேயன்றி, நாளைச் சொல்லும் வழக்கம் அப்போதும் இருக்கவில்லை. கம்பனிக்குத் தட்டு என்பது விற்பனைப் பண்டம். ஆண்டைப் பொறித்தால் அடுத்த ஆண்டிலேயே அது பழையதாகிவிடும்.

ஆகவே ஒரு தட்டின் வயதை அறிய விரும்புவோர் வேறு சாட்சிகளைத் தேடவேண்டியவராகின்றனர். திருகோணமலை மாவட்டத்துத் தோப்பூரில், ஒரு குடும்பத்தாரிடம் உள்ள தட்டொன்றினை முன்னிட்டு அத்தகைய தேடல் ஒன்று நிகழ்ந்தது. அதனைக் கூறுமுன், தேடலின் வழிமுறை சிறிது விளங்குதல் வேண்டும்.

தட்டு எப்போது செய்யப்பட்டது என்னும் வினா ஒன்று போலத் தோன்றினாலும் உள்ளே மூன்று வினாக்களைக் கொண்டது. பாடகர் ஒலிவாங்கியின் முன் நின்ற நாள் ஒன்று. அப்பாட்டு முதன்முதலாகச் சந்தைக்கு வந்த நாள் இன்னொன்று. நம் கையில் இருக்கும் இந்தத் தட்டு ஆலையின் அச்சுப்பொறியில் அழுத்தப்பட்டு வெளியே விழுந்த நாள் மூன்றாவது. முதலிரண்டும் அடுத்தடுத்து வருவன. மூன்றாவது எவ்வளவும் பிந்தலாம். எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசெம்பர் 2ஆம் திகதி, இருபத்தேழு வயதிலே காலமானார். அவர் குரல் கொண்ட எந்தத் தட்டாயினும் அதன் பதிவு அந்நாளுக்கு முற்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் மறைந்து பல காலத்தின் பின்னரும் அக்குரல் மீண்டும் மீண்டும் அச்சாகி விலைப்பட்டது. ஐம்பதுகளிலே ஒருவர் வாங்கிய கிட்டப்பா தட்டைக் காட்டி, அதன் வயது 1933 என்பாரும் உளர்; அவர் சொல்வது குரலின் வயது, தட்டின் வயதன்று. பழந்தட்டுப் பிரியர்கள் செய்யும் வாதங்களிற் பாதி இவ்வேறுபாட்டை மறந்ததனால் எழுவன எனலாம்.

தட்டு எதனால் ஆனது என்பதே முதற் சாட்சி. நிமிடத்திற்கு 78 தரம் சுழலும் பழைய தட்டுக்கள் அரக்கினால் ஆனவை. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சிகள் விடும் பிசினை உருக்கி, கல்மாவும் புகைக்கரியும் கலந்து அழுத்திச் செய்வர். உலகின் அரக்கில் மிகப் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்தே சென்றது. எனவே இலண்டன் மாநகரத்து இசையரங்கின் குரலும் சோட்டா நாகபுரிக் காட்டுப் பூச்சியின் தயவிலேதான் நிலைத்தது. அரக்குத் தட்டு பாரமானது. கைதவறினால் மட்பாண்டம் போல் நொறுங்கும். வினைல் என்னும் செயற்கைப் பொருளாலான தட்டு இலேசானது. வளையும், கீறும், ஆனால் எளிதில் உடையாது. 33 சுழற்சி நெடுந்தட்டை அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948இலும், 45 சுழற்சிச் சிறுதட்டை ஆர்.சி.ஏ. விக்டர் 1949இலும் அறிமுகஞ் செய்தன. நம் பகுதிகளுக்கு அவை வந்து சேர மேலும் பத்தாண்டுகள் சென்றன. கல்கத்தாவுக்கு அண்மையில் தம்தம் என்னுமிடத்தில், 1920களின் இறுதியில் எழுந்த எச்.எம்.வி. ஆலையிலே அரக்குத் தட்டும் வினைல் தட்டும் அறுபதுகள் முழுவதும் அருகருகே செய்யப்பட்டன. எழுபதுகளின் தொடக்கத்தோடு அரக்குத் தட்டின் கதை ஏறத்தாழ முடிந்தது.

இரண்டாவது சாட்சி, பாட்டு முடிந்து முள் ஓடி நிற்கும் வெற்றுப் பரப்பிலே உள்ளது. அங்கே ஒளி படும்படி தட்டைச் சரித்துப் பிடித்தால் எண்களும் குறிகளும் புலப்படும். 1925க்கு முன் பாடியவர்கள் ஊதுகுழல் போன்ற கூம்பின் வாய்க்குள்ளே பாடினர். அவ்வாண்டிலே மின்வழி ஒலிப்பதிவு வந்தது. அம்முறைக்குரிய உரிமத்தொகையைக் கணக்கிடும் பொருட்டு எச்.எம்.வி. கம்பனி பதிவெண்ணின் அருகே ஒரு சிறு முக்கோணத்தைப் பொறித்தது. 1931 அளவில் அலன் புளூம்லைன் என்னும் பொறியியலாளர் வேறொரு முறையைக் கண்டபின் முக்கோணம் மறைந்து சதுரம் வந்தது. இங்கிலாந்தின் ஹேய்ஸ் நகர ஆலையிலோ, கிராமபோன் லிமிடெட் என்ற பெயரைச் சுருக்கிப் பெற்ற பத்து ஆங்கில எழுத்துக்களை ஒன்று முதல் சுழியம் வரை எண்களாக வைத்துக்கொண்டு, எத்தனையாவது அச்சு என்பதைக் குறித்தார்கள். நம் வணிகர் சரக்கின் கொள்விலையைக் குழூஉக்குறியால் எழுதி வைப்பதை ஒத்தது இது. வாங்குவோனுக்குத் தெரியவேண்டாதது, விற்போனுக்குத் தெரிந்தாகவேண்டியது.

மூன்றாவது சாட்சி நடுவில் ஒட்டிய வட்டத்தாள். நான்காவது, தட்டை இட்ட கடதாசி உறை. இவ்விரண்டின் தன்மையும் தோப்பூர்த் தட்டினை நோக்கும்போது விளங்கும்.

தோப்பூர் மூதூருக்குத் தெற்கே, அல்லைக் குளத்து நீர் பாயும் வயல்களை அடுத்துள்ள ஊர். கொட்டியாரக் குடாவின் மறுகரையிலே திருகோணமலைப் பட்டினம் இருக்கிறது. இன்று பாலங்கள் வழியே தரைவழிப் பயணம் இலகுவாயிற்று. முன்னர் மூதூர் இறங்குதுறையில் லாஞ்சியேறிக் குடாவைக் கடந்தே பட்டினம் போகவேண்டும். அரிசியும் கருவாடும் பாயும் அப்பக்கம் போயின. சீலையும் மருந்தும் புதினமும் இப்பக்கம் வந்தன. கிராமபோனும் அவ்வழியே வந்தது.

இங்கே குறிப்பிடப்படும் குடும்பத்தின் தகப்பனார் சொந்த வள்ளம் வைத்து நெல் ஏற்றி இறக்கியவர். சாவி கொடுத்துச் சுழற்றும் பழைய கிராமபோன் பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது. பிரித்தானியக் கடற்படையினர் 1957இல் திருகோணமலைத் தளத்தை விட்டு நீங்கிய காலத்தில், தளத்திலே வேலைபார்த்த ஒருவரிடம் மலிவாக வாங்கியது என்பது வீட்டார் கூற்று. 1964 டிசெம்பர் 22ஆம் திகதி பெரும் சூறாவளி திருகோணமலைக் கரையைத் தாக்கியது. அவ்விரவே அது பாக்கு நீரிணையைக் கடந்து, தனுஷ்கோடியைக் கடலுக்கு இரையாக்கியது. தனுஷ்கோடியை நெருங்கிய புகைவண்டி ஒன்றும் பயணிகளோடு அழிந்தது. தோப்பூரில் அந்நாளை யாரும் திகதியால் நினைவு வைத்திருக்கவில்லை. பறாத்துக்கு ரொட்டி சுட்டுப் பங்கிட்டு இரண்டு மூன்று நாள் கழிந்திருந்தது என்பதே அவர்கள் கணக்கு. பிறைக் கணக்கோடு ஒப்பிட்டால் அக்கணக்கு பிசகவில்லை. அன்று பட்டினத்திலிருந்து புறப்பட்ட தகப்பனார் வீடு வந்து சேரவில்லை.

அவருடைய மனைவி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். இத்தாவில் இருந்தபடியே, இரண்டு மாதத்தின் பின் ஒரு பெண்குழந்தையைப் பெற்றார். மூத்தவனாகிய மகனுக்கு அப்போது வயது எட்டு. அம்மகன் பின்னர் சரித்திர ஆசிரியராகி, ஓய்வும் பெற்று, இன்றும் ஊரிலே வாழ்கிறார். தகப்பன் முகம் காணாது பிறந்த தங்கையும் அதே வளவிலே வாழ்கிறார். தகப்பனாரின் நிழற்படம் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. உள்ளது ஓர் இசைத்தட்டு. நாகூர் ஈ. எம். ஹனீபா பாடிய இஸ்லாமியப் பாடல்கள் கொண்ட ஏழு அங்குலத் தட்டு அது. “வாப்பாட றெக்கோட்” என்று தாயார் அதனைச் சேலை மடிப்புக்குள்ளே வைத்துப் பேணினார். அவர் மௌத்தான பின் மகளிடம் வந்தது. 2006 ஓகஸ்டில் போர் மூதூரையும் தோப்பூரையும் சூழ்ந்து, மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்த வேளையில், பலர் உறுதிகளையும் நகைகளையும் எடுத்துக்கொண்டு ஓடினர். அப்பெண்மணியின் உடுப்பு மூட்டைக்குள்ளே இந்தத் தட்டு இருந்தது. வாப்பா கடைசியாகப் பட்டினம் போனதற்கு முந்திய தடவை, பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று வாங்கிவந்தது இது என்பதே அவர் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் சொல்லிவந்த வரலாறு.

அயற்பாடசாலை ஒன்றிலே பழம்பொருட் கண்காட்சி நடத்த முற்பட்டனர். தட்டையும் தருமாறு கேட்டனர். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் ஓர் அட்டை வைப்பதென்றும், அதிலே பொருள், உரியவர், காலம் என மூன்று வரி எழுதுவதென்றும் ஏற்பாடு. தங்கை ஐயமின்றி 1964 என்றார். அட்டையை எழுதவேண்டிய தமையனார் பேனாவை மூடி வைத்துவிட்டார். முப்பதாண்டுக்கு மேல் மாணவருக்குச் சான்று கேட்டுப் பழக்கியவர் அவர். தம் வீட்டுப் பொருளுக்குச் சான்று கேளாமல் எழுத அவர் மனம் இசையவில்லை. அன்றியும், பல்லாண்டுகளாகவே அவருள்ளத்தில் ஓர் உறுத்தல் இருந்தது. வாப்பாவின் பெட்டியிலே சுழன்ற தட்டு பெரியதாகவும் பாரமாகவும் இருந்ததாக அவருக்கு நினைவு. இதுவோ ஒரு சாணுக்குள் அடங்குவது.

அவர் தட்டை வெயிலுக்குக் கொண்டுவந்தார். முதற் பார்வையிலேயே ஒன்று துலங்கியது. இது 45 சுழற்சி வினைல் தட்டு. வாப்பாவின் பெட்டியோ உருக்கு முள் பூட்டிய 78 சுழற்சிப் பெட்டி. அத்தகைய பெட்டியின் ஒலித்தலை நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரத்தோடு தட்டின்மேல் அமர்வது. வினைல் தட்டுக்குரிய முள்ளோ சில கிராம் பாரமே தாங்கும். தடத்தின் அகலமும் பழைய தட்டின் தடத்தில் மூன்றிலொரு பங்குதான். அப்பெட்டியிலே இத்தட்டை ஒரேயொரு முறை வைத்திருந்தாலும் முள் உழுத வெள்ளைச் சால்கள் தெரியவேண்டும். பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தபோது தடங்கள் ஏறத்தாழக் கன்னி கழியாதவையாயிருந்தன. ஆகவே இத்தட்டு அப்பெட்டியிலே பாடியதன்று.

இதனால் மாத்திரம் தீர்ப்புக் கூறல் இயலாது. 1964இலும் 45 தட்டுக்கள் இருந்தன. பாடமுடியாத தட்டை அறியாமல் வாங்கியிருத்தலும் கூடும். பாடகரைக் கொண்டு முடிவு செய்யலாமோ எனில் அதுவும் இயலாது. ஹனீபா 1925இல் பிறந்து 2015 ஏப்ரல் 8ஆம் திகதி மறைந்தவர். அவருடைய கம்பீரக் குரல் 78 தட்டிலும் ஒலித்தது. 45 தட்டிலும் ஒலித்தது. பின் ஒலிநாடாவிலும் ஒலித்தது. அவ்வளவு நீண்ட இசைவாழ்வு கொண்டவரின் பெயர் காலத்தைக் குறுக்கித் தருவதில்லை.

அடுத்து வட்டத்தாளை நோக்கினார். ஓரத்திலே பொடி எழுத்தில், தட்டை ஆக்கிய கம்பனியின் பெயர் வளைந்து ஓடியது. பொதுவாக யாரும் படிக்காத வரி அதுவே. காலம் அறிய விரும்புவோன் முதலிற் படிக்கவேண்டிய வரியும் அதுவே. எச்.எம்.வி. நாயின் படம் பல தலைமுறை மாறாதிருந்தது. ஆனால் நாயை வளர்த்தவர் பெயர் மாறிக்கொண்டேயிருந்தது. இந்தியாவில் அந்நிறுவனம் 1946இல் கிராமபோன் கம்பனி (இந்தியா) என்ற பெயரில் தனியார் கம்பனியாகப் பதிவாயிற்று. 1968இல் பொதுக் கம்பனியாகி, கிராமபோன் கம்பனி ஒஃப் இந்தியா லிமிடெட் என்று பெயர் பெற்றது. 2000ஆம் ஆண்டிலே சரிகம என்று மாறியது. தோப்பூர்த் தட்டிலே இருந்தது இரண்டாவது பெயர்.

நான்கு ஆண்டு இடைவெளி. ஆசிரியர் அந்த வரியைப் பலமுறை படித்தார் என்பர்.

இன்னொரு குறி இல்லாதிருந்ததும் கவனிக்கத்தக்கது. பிற்காலத் தட்டுக்களிலே வட்டத்துள் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தும் அதனருகே ஓர் ஆண்டும் காணப்படும். 1961ஆம் ஆண்டின் உரோம் உடன்படிக்கையில் விதிக்கப்பட்டு, 1971ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைக்குப் பின் பரவிய வழக்கு அது. அவ்வாண்டும் பதிவு முதலில் வெளியான ஆண்டேயன்றி, தட்டு அச்சான ஆண்டன்று. தோப்பூர்த் தட்டிலே அக்குறி இல்லை. இல்லாமையைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். ஆயினும் எழுபதுகளின் நடுப்பகுதிக்கு முந்தியதாயிருக்கலாம் என்னும் ஊகத்திற்கு அது முரணன்று.

பின் உறையை எடுத்தார். கபில நிறக் கடதாசி, மடிப்புக்களிலே நைந்தது. மூலையில் ஊதா மையில் ஒரு கடை முத்திரை இருந்தது. கடையின் பெயர் அழிந்துவிட்டது. எஞ்சியது நாகூர் என்னும் ஊர்ப்பெயர், தஞ்சை மாவட்டம், அதனையடுத்து 611 002 என்னும் ஆறிலக்க எண். இதிலே ஒவ்வொரு சொல்லும் ஒரு கடிகாரம். நாகூர் அன்று தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1991இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமாகியது. ஆகவே முத்திரை அதற்கு முற்பட்டது. ஆறிலக்க எண்ணோ இந்தியத் தபாற் பகுதியினரின் அஞ்சற் குறியீட்டெண். அது 1972 ஓகஸ்ட் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எந்தக் கடைக்காரனும் அவ்வெண்ணை முத்திரையில் வெட்டியிருக்க முடியாது. உறைகள் இடம் மாறுவது உண்டு. ஒரு தட்டின் உறைக்குள்ளே வேறொரு தட்டைச் செருகாத வீடு எங்கும் இல்லை. ஆனால் இந்த வீட்டிலோ வேறு தட்டே இருந்ததில்லை. வட்டத்தாளும் உறையும் ஒன்றையொன்று அறியாத இரு சாட்சிகள். இரண்டும் ஒரே திசையைக் காட்டின. 1964இல் கடலோடு போனவர் இத்தட்டைக் கையாலும் தொட்டிருக்கமாட்டார்.

சரித்திர ஆராய்ச்சி பிழைதிருத்தத்தோடு நின்றுவிடலாம். பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதுவே அதன்மேற் பலருக்கு உள்ள மனக்கசப்பிற்கும் காரணம். ஒரு கதை பொய் என்று காட்டியபின், அப்பொய் எவ்வாறு பிறந்தது என்று கேட்பவர் சிலரே. ஆசிரியர் தங்கையிடம் ஒன்றும் சொல்லாமல் கிண்ணியாவுக்குப் போனார். தாயாரின் தம்பி, அதாவது அவர்களுடைய மாமா, வாழ்ந்து மறைந்த வீடு அங்கே இருந்தது. மாமா ஒருமுறை நாகூர்க் கந்தூரிக்குப் போய்வந்தவர் என்பது குடும்பத்திலே எல்லோருக்கும் தெரியும். எப்போது என்பது யாருக்கும் தெரியாது. மாமாவின் மகன் தகரப் பெட்டியொன்றைத் திறந்து பழைய கடவுச்சீட்டை எடுத்துக் கொடுத்தான். அதிலே தலைமன்னாரில் இட்ட முத்திரையும் இராமேஸ்வரத்தில் இட்ட முத்திரையும் இருந்தன. 1975 ஜூன் மாதம். புயலுக்கு முன் கப்பல் தனுஷ்கோடிக்குப் போயிற்று; தனுஷ்கோடி அழிந்தபின் இராமேஸ்வரத்திற்கே, 1984 வரை, போய்வந்தது. ஆகவே அம்முத்திரையிலேயே அந்தப் புயலின் சுவடு இருந்தது. ஆசிரியர் பிறைக் கணக்கையும் பார்த்தார். நாகூரிலே கந்தூரி ஜமாதுல் ஆகிர் முதற்பிறையிலே கொடியேறித் தொடங்குவது. ஹிஜ்ரி 1395இல் அப்பிறை ஜூன் இரண்டாம் வாரத்திலே பிறந்தது. கணக்குப் பொருந்தியது.

எனவே தட்டின் வயதைப் பற்றி இவ்வளவு கூறலாம்: 1968க்குப் பின், 1975 ஜூனுக்கு முன் அது தம்தம் ஆலையில் அச்சாயிற்று. 1972 ஓகஸ்டுக்குப் பின் நாகூரிலே விலைப்பட்டது. 1975இல் கடல் கடந்து தோப்பூர் வந்தது. குரல் பதிவான நாள் வேறு. அது இத்தட்டிலிருந்து அறியத்தக்கதன்று.

ஆசிரியரின் நினைவிலே இதுவரை இடம் தெரியாது கிடந்த வேறொரு காட்சி இப்போது தனக்குரிய இடத்திற் சென்று அமர்ந்தது. புயலுக்கு மறுநாள் கூரை பறந்த வீட்டின் முற்றத்துச் சேற்றிலே கறுப்புத் துண்டுகள் கிடந்தன. உம்மா குனிந்து அவற்றைப் பொறுக்கிச் சுளகிலே சேர்த்தார். அவை சட்டித் துண்டுகள் என்றே எட்டு வயதுச் சிறுவன் எண்ணியிருந்தான். சட்டித் துண்டிலே வட்டவட்டமாகக் கோடுகள் இருப்பதில்லை என்பது அறுபது ஆண்டு கழித்து அவருக்குப் பட்டது. உடைந்தது அரக்குத் தட்டு. அது வாப்பா வாங்கியது. உம்மா பின்னொருநாள் கந்தூரிக்குப் போகும் தம்பியிடம் அதே பாட்டு வேண்டுமென்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

“வாப்பாட றெக்கோட்” என்று தாயார் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. நம் கிழக்கிலங்கைப் பேச்சு வழக்கிலே அவ்வேற்றுமையுருபு விரிந்த பொருளுடையது. வாப்பா வாங்கிய தட்டு என்றும் பொருள்படும். வாப்பா விரும்பிய பாட்டு உள்ள தட்டு என்றும் பொருள்படும். வாப்பாவை நினைத்து வைத்திருக்கும் தட்டு என்றும் பொருள்படும். தாய் ஒரு பொருளிலே சொன்னார். மகள் வேறொரு பொருளிலே கேட்டு வளர்ந்தார். தகப்பனைக் காணாத பிள்ளை அவ்வாறு கேட்டதிலே வியப்பில்லை.

தமையனார் மூன்று நாள் தாமதித்தே தங்கையிடம் சொன்னார். கடவுச்சீட்டையும் காட்டினார். அவர் நெடுநேரம் உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, “அப்ப வாப்பாட கையால வந்த சாமான் எனக்கிட்ட ஒண்டும் இல்லையா காக்கா?” என்றார். அதற்கு மறுமொழி எதுவும் இல்லை. ஆறுதலாக ஏதேனும் புனைந்து சொல்ல அவருக்கு வரவுமில்லை.

சற்றுப் பொறுத்துத் தங்கையே மற்றொரு வினாவை எழுப்பினார். அதுதான் இவ்வளவு ஆராய்ச்சியிலும் தமையனாருக்குத் தோன்றாதது. “எழுபத்தைஞ்சில நம்மட ஊட்ட றெக்கோட் போடுற பெட்டி எங்க இருந்திச்சி?”

பெட்டி இருக்கவில்லை. பழைய கிராமபோன் புயலோடு போயிற்று. வீட்டிலே மின்சாரமும் இல்லை. அந்த ஆண்டுகள் பாணுக்கு வரிசையிலே நின்ற ஆண்டுகள். இறக்குமதிக்கும் அந்நியச் செலாவணிக்கும் இறுக்கமான கட்டுப்பாடு இருந்த காலம். பயணம் போன தம்பியின் மடியிலும் எண்ணித் தந்த காசே இருந்திருக்கும். பன்புல்லுப் பாய் இழைத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்த ஒரு விதவை, அந்தக் காலத்திலே, பாடச் செய்யக் கருவி எதுவும் இல்லாத வீட்டிற்கு, அக்கரையிலிருந்து ஓர் இசைத்தட்டு எடுப்பித்திருக்கிறார். தடங்கள் தேயாதிருந்ததன் காரணம் அப்போதுதான் முழுமையாக விளங்கியது.

ஆனால் சிறிது தேய்ந்திருந்தன. பூதக்கண்ணாடியிலே முதற் பாட்டின் தடங்களில் மாத்திரம் மெல்லிய சாம்பல் நிறம் தெரிந்ததை ஆசிரியர் முன்னரே கண்டிருந்தார். அதற்குரிய விளக்கத்தைத் தங்கை தந்தார். அயலிலே கல்யாணம் வந்தால், மூதூரிலிருந்து ஒலிபெருக்கிக்காரர் மின்பிறப்பாக்கியும் தட்டுச்சுழற்றியும் கொண்டுவந்து பந்தலுக்குப் பக்கத்திலே இறக்குவார். மாலையிலே உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சேலைத் தலைப்புக்குள்ளே தட்டை மறைத்து எடுத்து, மகளின் கையிலே கொடுத்தனுப்புவார். ஒரு பாட்டு, ஒரு தடவை. போட்டு முடிந்ததும் சிறுமி அதனை வாங்கிக்கொண்டு வேலியோரமாக ஓடிவருவாள். உம்மா வாசற்படியிலே நின்றிருப்பார்.

அட்டையில் ‘உரியவர்’ என்ற வரியிலே தகப்பனாரின் பெயரை எழுதுவதா தாயாரின் பெயரை எழுதுவதா என்று தமையனார் கேட்டார். உம்மாவின் பெயரை எழுதச் சொன்னார் தங்கை. காலம் என்ற வரியிலே 1975 என்று எழுதி, 1964இல் உடைந்த தட்டொன்றிற்கு மாற்றாக வாங்கப்பட்டது என்று அடியிலே சேர்த்தார்கள். தட்டு கண்காட்சிக்குப் போயிற்று. உறையை மாத்திரம் தங்கை கொடுக்கவில்லை.